வெள்ளமும் சாக்குப் பைகளும்: பேரிடர், வணிகம், பசி குறித்துச் சில குறிப்புகள்

1

'இயற்கைப் பேரிடர்கள் நாடுகளுக்கிடையிலான வணிகத்தை எப்படிப் பாதிக்கின்றன?' பொருளாதாரப் புலமையாளர்கள் கடந்த இருபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிற கேள்வி இது. பதில்களுக்குள் போவதற்கு முன்னால், இந்தக் கேள்வி எழுதப்பட்டிருக்கும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். வாக்கியத்தில் இயற்கை எழுவாய். வணிகம் செயப்படுபொருள். இயற்கை அடிக்கிறது, வணிகம் அடி வாங்குகிறது. வெள்ளத்துக்கு முன்னால் வணிகம் ஒன்றும் அறியாத பச்சைப் பிள்ளை மாதிரி நிற்கிறது. செத்துப் போனவர்கள் இந்த வாக்கியத்தில் எங்கேயும் இல்லை.

இந்த ஆய்வுகள் நடக்கிற விதம் ஏறத்தாழ ஒன்றுதான். பெல்ஜியத்தில் பேரிடர்களை வரிசையாகப் பதிந்து வைத்திருக்கும் ஒரு தொகுப்பு இருக்கிறது. பத்துப் பேராவது செத்திருக்க வேண்டும், அல்லது நூறு பேராவது பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அரசு அவசர நிலை அறிவித்திருக்க வேண்டும், அல்லது வெளிநாட்டு உதவி கேட்டிருக்க வேண்டும். இதில் ஒன்று இருந்தால் அது பேரிடர். இன்னொரு பக்கம் 'ஈர்ப்பு மாதிரி' என்று ஒரு சமன்பாடு. இரண்டு நாடுகளின் பொருளாதாரம் எவ்வளவு பெரிதோ அந்த அளவுக்கு அவற்றுக்கிடையே வணிகம் கூடும், எவ்வளவு தூரமோ அந்த அளவுக்குக் குறையும் என்பது அதன் சாரம். முதல் பட்டியலை இரண்டாவதற்குள் போட்டுக் குலுக்கினால் பதில் வருகிறது: பேரிடர் தாக்கிய நாட்டின் ஏற்றுமதி இவ்வளவு குறையும், இறக்குமதி இவ்வளவு மாறும்.

'குலுக்கினால்' என்று நானாகச் சொல்லவில்லை. 2010இல் வெளியாகி இத்துறையில் அதிகம் எடுத்துக்காட்டப்படும் கட்டுரை ஒன்று தன் தலைப்புக்கு ஜேம்ஸ் பாண்ட் தன் மதுவைக் கேட்டு வாங்கும் அந்தப் புகழ்பெற்ற வசனத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது: குலுக்கணும், கலக்கக் கூடாது. உலக வர்த்தக நிறுவனத்தில் வேலை பார்த்த இருவர் உட்பட மூவர் எழுதியது. உலக வணிகத்தைப் பேரிடர்கள் மொத்தத்தில் சிறிதளவுதான் அசைக்கின்றன என்று அது கண்டுபிடிக்கிறது. பாதிக்கப்பட்ட நாடு சிறியதாக இருந்தால், ஜனநாயகம் குறைவாக இருந்தால் அசைவு கூடுமாம். நாற்பது ஆண்டுக் கணக்கு, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள். உழைப்பைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சராசரி என்பது ஒரு விசித்திரமான சல்லடை. மேலே நிற்பது சரக்கு, கீழே கொட்டிப் போவது மனிதர்கள்.

2011இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்தபோது 800 பேருக்கு மேல் இறந்தார்கள். உலகத்துக்கு அந்தச் செய்தி எப்படி வந்து சேர்ந்தது? கணினியின் வன்தட்டு விலை ஏறியதாக. உலகின் வன்தட்டுகளில் பெரும்பங்கைச் செய்து கொடுத்த தொழிற்பேட்டைகள் தண்ணீரில் மூழ்கியதால் விலை ஏறிற்று. ஆக, தூரத்தில் இருப்பவனுக்குப் பேரிடர் என்பது விலைப்பட்டியலில் ஒரு மாற்றம். இந்தப் பார்வையை யாருடைய தனிப்பட்ட கல்நெஞ்சம் என்றும் சொல்லிவிட முடியாது. கேள்வியே அந்த இடத்தில் நின்றுதான் கேட்கப்படுகிறது.

நான் இங்கே செய்ய நினைப்பது இந்த வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது. வணிகம் பேரிடரை என்ன செய்கிறது? ஒரு வெள்ளம் எத்தனை பேரைக் கொல்லும் என்பதில் வணிகத்தின் பங்கு என்ன? இதற்கு ஒரே நாட்டை எடுத்துக்கொள்கிறேன்: வங்காளதேசம். அங்கே மூன்று வெள்ள காலங்கள்: 1974, 1998, 2007. ஆறுகள் அதே ஆறுகள்தான், எல்லையும் அதே எல்லைதான். நடந்தது மட்டும் மூன்று விதம்.

2

1974 ஜூன் கடைசியில் பிரம்மபுத்திரா பெருகத் தொடங்கியது. ஜூலை, ஆகஸ்டில் மைமன்சிங், ரங்பூர், சில்ஹெட் மாவட்டங்கள் தண்ணீரில் கிடந்தன. அரிசி விலை ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை தாறுமாறாக ஏறியது. அரசு கஞ்சித் தொட்டிகளைத் திறந்தது. 'லங்கர்கானா' என்று அங்கே பெயர். ஏறத்தாழ ஆறாயிரம் கஞ்சித் தொட்டிகளில் 43 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வரிசையில் நின்றார்கள். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஆறு பேர். நவம்பரில் புது நெல் வரத் தொடங்க விலை இறங்கியது, தொட்டிகள் மூடப்பட்டன. இறந்தவர்கள் 26,000 என்றது அரசு. பின்னால் வந்த ஆய்வு மதிப்பீடுகள் பல லட்சம் என்கின்றன, சில 15 லட்சம் வரை போகின்றன.

வெள்ளம் வந்துச்சு, பயிர் போச்சு, ஜனங்க செத்தாங்க. வழக்கமாக இந்த மூன்று வாக்கியங்களில் கதை முடிந்துவிடும். அமர்த்தியா சென் 1981இல் எழுதிய 'வறுமையும் பஞ்சங்களும்' நூலின் மகத்தான பங்களிப்பு, நடு வாக்கியத்தைப் பிடுங்கி எறிந்தது. 1974இல் வங்காளதேசத்தில் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் கிடைத்த உணவு, அதை ஒட்டிய ஆண்டுகளைவிடக் கூடுதல் என்று அவர் காட்டினார். அழிந்த பயிர் அறுவடைக்கு வரவேண்டிய காலம் ஆண்டின் கடைசி. சாவு அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. வயலில் தண்ணீர் நின்றதால் நடவு வேலை இல்லை. வேலை இல்லாததால் கூலி இல்லை. அரிசி கடையில் இருக்கிறது, கூலிக்காரன் கையில் காசு இல்லை. உணவு இருப்பது வேறு, அதைப் பெறும் உரிமை ஒருவருக்கு இருப்பது வேறு. பஞ்சத்தை உற்பத்திக் குறைவு என்று பேசிக்கொண்டிருந்த ஒரு நூற்றாண்டுச் சொல்லாடலை இந்த ஒரு வேறுபாடு கலைத்துப் போட்டது.

ஆனால் 1974இன் கதையில் இன்னொரு சரக்கும் உண்டு. சாக்கு.

வங்காளதேசத்தின் அந்நியச் செலாவணியில் மிகப் பெரும்பகுதி அன்று சணலிலிருந்தும் சணல் பொருள்களிலிருந்தும் வந்தது. இதுவும் இயற்கை கொடுத்த வரம் ஒன்றும் இல்லை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆலைகளுக்கும் பிறகு கல்கத்தா ஆலைகளுக்கும் சணல் விளைவித்துக் கொடுக்கும் பூமியாகக் கிழக்கு வங்காளம் காலனிய காலத்தில் ஆக்கப்பட்டிருந்தது. சணல் போட்ட நிலத்தில் அந்தப் பருவத்து நெல் போட முடியாது. சணலை விற்றுச் சோற்றை வாங்க வேண்டும். விவசாயிக்கும் இதே நிலைமை, பின்னால் சுதந்திரம் அடைந்த நாட்டுக்கும் இதே நிலைமை. 1972இல் சோவியத் யூனியன் அமெரிக்கக் கோதுமையைப் பெருமளவு வாங்கிய பிறகு உலகச் சந்தையில் தானிய விலை எகிறியது. 1973 கடைசியிலிருந்து எண்ணெய் விலை நான்கு மடங்கானது. சணல் சாக்குக்குப் போட்டியாகப் பிளாஸ்டிக் சாக்கு வந்துவிட்டது. வாங்குவதெல்லாம் ஏற, விற்பது மட்டும் தடுமாறிய நேரத்தில்தான் வெள்ளம் வந்தது. அதாவது, பிரம்மபுத்திரா கரையை உடைக்கும் முன்பே டாக்காவின் கஜானா உடைந்திருந்தது.

இந்தச் சமயத்தில் வங்காளதேசம் கியூபாவுக்கு 40 லட்சம் சாக்குப் பைகளை விற்றது. அமெரிக்காவின் பொதுச்சட்டம் 480 என்ற உணவு உதவிச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது: கியூபாவோடு வணிகம் செய்கிற நாட்டுக்கு அந்தத் திட்டத்தில் தானியம் கிடையாது. 1974 மே மாதம் அமெரிக்கத் தூதர் இதை டாக்காவுக்கு எடுத்துச் சொன்னார். சாக்கு ஒன்றும் யுத்தத் தளவாடம் இல்லை. நாட்டு நலன் கருதி விதிவிலக்குத் தருவதற்கு ஜனாதிபதிக்கு அதே சட்டத்தில் இடமும் இருந்தது. விதிவிலக்கு வரவில்லை. இனி கியூபாவுக்கு ஏற்றுமதி இல்லை என்று வங்காளதேசம் இறங்கி வந்தது. ஒப்பந்தமான சரக்கு போய் முடியும்வரை காத்திருக்க வைத்தார்கள். இதற்கிடையில் காசு கொடுத்து வாங்குவதற்குப் பேசியிருந்த சில தானியக் கொள்முதல்களும் கடன் வசதி கிடைக்காமல் ரத்தாயின. உணவு உதவி ஒப்பந்தம் அக்டோபரில் கையெழுத்தாயிற்று. கப்பல்கள் வந்து சேர்ந்தபோது பஞ்சத்தின் உச்சம் கடந்திருந்தது.

தானியத்தைக் கட்டி அனுப்புகிற சாக்கை விற்றதற்காகத் தானியம் மறுக்கப்பட்டது. இந்தச் சட்டத்துக்கு அமெரிக்கா வைத்திருந்த செல்லப் பெயர் 'அமைதிக்கான உணவு'.

இது விதிவிலக்கான சம்பவம் என்று நினைக்க வேண்டியதில்லை. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னால் நமக்கே நடந்தது. 1965, 1966 வறட்சியில் பீகார் காய்ந்து கிடந்தபோது ஜனாதிபதி ஜான்சன் இந்தியாவுக்கான கோதுமைக் கப்பல்களை மாதாமாதம் எண்ணி எண்ணித்தான் விட்டார். விவசாயக் கொள்கையை மாற்று என்பதும், வியட்நாம் பற்றி வாயைக் குறை என்பதும் அந்தக் கயிற்றில் முடிந்திருந்த முடிச்சுகள். 1967இல் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்ற முழக்கம் தமிழ்நாட்டில் ஆட்சி மாற்றத்துக்குத் துணை நின்றதைப் பேசுகிறோம். அந்த முழக்கத்துக்குப் பின்னால் நின்ற பற்றாக்குறைக்கும் அமெரிக்கத் துறைமுகங்களில் காத்துக் கிடந்த கப்பல்களுக்கும் உள்ள தொடர்பை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

3

இங்கே சென்னோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. சாக்கு விவகாரத்தை அவர் மறைக்கவில்லை, நூலில் குறிப்பிடவே செய்கிறார். ஆனால் அது அவருடைய கோட்பாட்டுக்கு வெளியே, சூழ்நிலை விவரமாக நிற்கிறது. கோட்பாட்டின் உள்ளே இருப்பவர்கள் கூலிக்காரர், குத்தகைதாரர், மீனவர், நாவிதர். அவரவர் தம்மிடம் இருப்பதைக் கொடுத்து எவ்வளவு சோறு பெற முடியும் என்ற 'பரிவர்த்தனை உரிமை'. மிகச் சரி. இந்தச் சங்கிலி ஏன் நாட்டின் எல்லையில் வந்து நின்றுவிட வேண்டும்? ஒரு நாட்டுக்கும் பரிவர்த்தனை உரிமை உண்டல்லவா? சணலைக் கொடுத்து எவ்வளவு கோதுமை வாங்கலாம், யாருக்குச் சணலை விற்கலாம், யாருக்கு விற்றால் கோதுமை கிடையாது. கூலிக்காரனின் உரிமையைத் தீர்மானிப்பவன் மிராசுதார் என்றால், நாட்டின் உரிமையைத் தீர்மானிப்பவன் யார்? ரங்பூரின் கூலிக்காரன் பட்டினி கிடந்தது தன் ஊர் மிராசுதாரால் மட்டும் இல்லை. அவன் பெயரைக்கூடக் கேட்டிராத ஒரு சட்டப் பிரிவும் அவன் சட்டியைக் கவிழ்த்தது.

ஜனநாயகமும் சுதந்திரமான பத்திரிகையும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் வருவதில்லை என்பது சென்னின் இன்னொரு புகழ்பெற்ற முடிவு. முன்னர் சொன்ன 2010ஆம் ஆண்டுக் கட்டுரையும் ஜனநாயகத்தின் அளவைத்தான் அளக்கிறது. அதாவது பாதிக்கப்பட்ட நாட்டின் ஜனநாயகத்தை. கப்பலை நிறுத்தியது எந்த நாடு? தேர்தல் நடக்கிற, பத்திரிகைகள் கிழிகிழியென்று கிழிக்கிற நாடு. நிக்சன் பதவி விலகியதே 1974 ஆகஸ்டில்தான். தன் ஜனாதிபதியை வீட்டுக்கு அனுப்பிய அந்த ஜனநாயகத்துக்கு அதே வாரங்களில் மைமன்சிங்கின் வரிசை கண்ணில் படவில்லை. மைமன்சிங்கில் யாருக்கும் அங்கே ஓட்டு இல்லை. ஜனநாயகம் எல்லைக்குள் அடங்குகிறது, வணிகம் எல்லையைத் தாண்டுகிறது. பேரிடர்ச் சாவுகள் பல இந்த இடைவெளியில் நடக்கின்றன. இந்த இடைவெளிக்கு நம் கோட்பாட்டாளர்கள் இன்னும் ஒழுங்காகப் பெயர் வைக்கவில்லை.

இந்த இடைவெளி பழசு. அதன் காலனிய வடிவம் நம் மண்ணிலேயே அரங்கேறியது. 1873-74இல் பீகாரில் மழை பொய்த்தபோது வங்காளத்தில் அதிகாரியாக இருந்த ரிச்சர்ட் டெம்பிள் பர்மாவிலிருந்து ஏறத்தாழ நாலரை லட்சம் டன் அரிசியை இறக்கினார். சாவு மிகக் குறைவு. ஆனால் பாராட்டுக்குப் பதிலாக அவருக்கு வந்தது கண்டனம்: செலவாளி, சந்தையில் தலையிட்டவர். மூன்று ஆண்டு கழித்துச் சென்னை மாகாணத்தில் பருவமழைகள் பொய்த்தன. சென்னை அரசு தானாக 30,000 டன் தானியம் வாங்கிய செய்தி தெரிந்ததும் மேலிடம் கடிந்துகொண்டது, தனியார் வணிகத்தில் தலையிடாதே என்று. கண்காணிக்க அனுப்பப்பட்டவர் அதே டெம்பிள். மனிதர் பாடம் படித்திருந்தார். கல்லுடைத்து மண் சுமக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் என்று கூலியைக் குறைத்தார். தெற்கிலும் தக்காணத்திலும் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக மதிப்பீடு. 1877-78இல் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கோதுமை 3 லட்சம் டன்னுக்கும் மேல், அதுவரையில்லாத அளவு.

சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி இந்தப் பஞ்சகால நிவாரண வேலையில் வெட்டப்பட்டது. சோற்றுக்கு வந்தவர்கள் வெட்டியது ஒரு சரக்குப் பாதை. அதே ஆண்டுகளில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். பேரிடர் வந்தால் ஏற்றுமதி குறையும் என்கிற ஈர்ப்பு மாதிரிக்கு இது ஒரு திருத்தம். ஒரு ஏற்றுமதி கூடும். மனிதர்கள். வணிகக் கணக்கில் அவர்கள் சரக்காகப் பதிவாவதில்லை, அவ்வளவுதான்.

டெம்பிளின் இரண்டு முகங்களை நான் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் அவருடைய குணநலன் இல்லை. பீகாரில் உயிரைக் காத்ததும் கடல் கடந்து வந்த அரிசி. சென்னையில் வேண்டாம் என்று விடப்பட்டதும் அப்படி ஓர் இறக்குமதியைத்தான். வணிகம் என்ற ஒரே சொல் இரண்டையும் மூடிவிடுகிறது. அதன் கீழே இருக்கும் உண்மையான கேள்வி, சரக்கு எந்தத் திசையில் போகும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பது.

4

இதுவரை படித்த தோழர்கள் பலர் தலையாட்டியிருப்பீர்கள். ஏகாதிபத்தியம், சுதந்திர வணிகம், சாவு. நமக்குப் பழகிய பாதை. ஆகவே எல்லையை மூடு, தற்சார்பே வழி என்று முடித்துவிடலாம். 1998 அப்படி முடிக்க விடவில்லை.

1998 ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை, இரண்டு மாதத்துக்கும் மேலாக, வங்காளதேசத்தின் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரில் கிடந்தது. 1974 வெள்ளத்தைவிடப் பெரிது, நீண்டது. நெல் இழப்பு 20 லட்சம் டன்னுக்கு மேல். பஞ்சம் வரும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. ஏன்? 1990களின் தொடக்கத்தில் தனியார் அரிசி இறக்குமதியை அங்கே அனுமதித்திருந்தார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் இந்தியாவில் அரிசி இருந்தது, ஏற்றுமதிக்குத் தடையும் அப்போது இல்லை. பெரும் கம்பெனிகள் கப்பல் பிடித்து வந்தது இல்லை இது. நூற்றுக்கணக்கான சிறு வியாபாரிகள் லாரியிலும் ரயிலிலும் மூட்டை மூட்டையாகக் கொண்டுபோனார்கள். அடுத்த வசந்தத்துக்குள் தனியார் கொண்டுபோன அரிசி மட்டும் 20 லட்சம் டன்னைத் தாண்டியது. இந்திய விலையோடு வண்டிச் சத்தத்தையும் சேர்த்தால் என்ன வருமோ, டாக்காவில் விலை ஏறத்தாழ அங்கேயே நின்றது. அதற்கு மேல் ஏற்றலாம் என்று பதுக்கியவன் ஏமாந்தான். அரசும் வறிய குடும்பங்களுக்கு இலவச தானியத் திட்டத்தைப் பெருக்கியது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது, கையில் காசே இல்லாதவருக்குச் சந்தை அரிசியால் பயன் இல்லை. ஜனங்கள் கடனில் மூழ்கினார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் உயிரோடிருந்து கடன்பட்டார்கள்.

சுதந்திரச் சந்தையின் வக்கீல்களுக்கு 1998 மிகப் பிடித்தமான உதாரணம். அவர்கள் பேச்சு இங்கே நின்றுவிடும். அடுத்த பக்கத்தைத் திருப்ப மாட்டார்கள். அடுத்த பக்கம் 2007.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் இரண்டு முறை வெள்ளம். நவம்பர் 15 அன்று சிதர் புயல், 3,000 பேருக்கு மேல் சாவு, அறுவடைக்கு நின்ற நெல் நாசம். 1998 போலவே சிறு வியாபாரிகள் இந்தியாவைத் திரும்பிப் பார்த்தார்கள். கதவு சாத்தியிருந்தது. உலகத் தானிய விலை ஏறத் தொடங்கியதால், உள்நாட்டு விலையைக் காக்க என்று 2007 அக்டோபரிலேயே இந்தியா அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியிருந்தது. பிறகு குறைந்தபட்ச ஏற்றுமதி விலையைப் படிப்படியாக ஏற்றி, 2008இல் பாசுமதி தவிர்த்த அரிசிக்கு முழுத் தடையே போட்டது. புயலுக்குப் பிறகு இந்திய வெளியுறவு அமைச்சர் டாக்கா போய், தடையிலிருந்து விலக்களித்து 5 லட்சம் டன் அரிசி விற்பதாகச் சொன்னார். விலை என்ன என்ற பேச்சிலேயே மாதங்கள் ஓடின. இந்தியாவைப் பார்த்து மற்றவர்களும் கதவைச் சாத்த, உலகச் சந்தையில் தாய்லாந்து அரிசி டன்னுக்கு 400 டாலருக்கும் கீழிருந்து சில மாதத்தில் 1,000 டாலரைத் தொட்டது. 2008 ஏப்ரலில் டாக்காவுக்குப் பக்கத்தில் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், தெருவுக்கு வந்தார்கள். அரிசி வாங்கக் கூலி போதவில்லை என்பதே பிரச்சினை.

இவர்கள் யார்? சணலின் இடத்தை இப்போது ஆயத்த ஆடை பிடித்திருக்கிறது. உலகுக்குச் சட்டை தைத்துக் கொடுத்துச் செலாவணி சம்பாதிப்பவர்கள் இவர்கள். அந்தச் செலாவணி நாட்டின் கையில் இருந்தது, 1974 போல வெறும் கஜானா இல்லை. காசு இருந்தும் சரக்கு வரவில்லை. சென்னின் கூலிக்காரனுக்குக் கடையில் அரிசி இருந்தது, கையில் காசில்லை. 2007இன் வங்காளதேசத்துக்குக் கையில் காசு இருந்தது, கடை சாத்தியிருந்தது.

கடையைச் சாத்தியது அமெரிக்கா இல்லை. நாம்.

5

இந்த ஒப்பீட்டில் சில சிக்கல்கள் இருக்கின்றன என்பதை ஒத்துக்கொண்டே போகிறேன். 1974 அமெரிக்கா தன் பகைமையைச் சாதிக்கத் தானியத்தை நிறுத்தியது. 2007 இந்தியா தன் ஏழைகளின் சட்டியைக் காப்பாற்றுவதாகச் சொல்லி நிறுத்தியது. இரண்டு நோக்கமும் ஒன்றில்லை. நம் பொது விநியோக முறையைக் காப்பாற்ற வேண்டும் என்று தெருவில் நின்றவர்களில் நானும் ஒருவன், இன்றும் அந்த இடத்தில்தான் நிற்கிறேன். ஆனால் பாரிசாலில் வீடிழந்த ஒருத்திக்கு நோக்கம் எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிவது வராத மூட்டை.

நோக்கத்தையும் அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. ஏற்றுமதித் தடையால் நகரத்தில் விலை அடங்குகிறது, நல்லது. அதே தடையால் நெல் விளைவிப்பவனுக்கு வயலோரத்தில் விலை அடங்குகிறது. மூட்டைக்கு நூறு ரூபாய் கிடைக்குமா என்று களத்தில் உட்கார்ந்திருக்கும் சிறு விவசாயியின் பையிலிருந்துதான் அந்த மலிவு எடுக்கப்படுகிறது. தடை வரப்போவது முன்கூட்டியே தெரிந்தவன் கப்பலை ஏற்றிவிடுகிறான், தெரியாதவன் மாட்டிக்கொள்கிறான். 'உள்நாட்டு நலன்' என்கிற சொல்லுக்குள் எந்த உள்நாடு இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கிளறிப் பார்க்க வேண்டும்.

இது பழங்கதையும் இல்லை. 2022 மார்ச்சில் வடக்கே வெயில் கோதுமையைச் சுட்டது, மே மாதம் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை. 2023இல் எல் நீனோ பயம், மழை ஒழுங்காக இல்லை, ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை. அது 2024 செப்டம்பர் கடைசியில்தான் நீங்கியது. உலக அரிசி வணிகத்தில் பத்தில் நான்கு பங்கு இந்தியாவுடையது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஏழை நகரங்கள் உடைந்த அரிசிக்கு நம்மை நம்பியிருந்தன. அவர்களுடைய வயலில் வெள்ளமும் இல்லை, வெயிலும் இல்லை. பேரிடர் நம்முடையது, பட்டினி அவர்களுக்கு ஏற்றுமதியானது. நான் தொடர்ந்து படிக்கிற நம் பத்திரிகைகளில் இதுபற்றி ஒரு விவாதத்தை நான் பார்க்கவில்லை. அமெரிக்கா கோதுமைக் கப்பலை நிறுத்திய 1966 நமக்கு நினைவிருக்கிறது. நாம் அரிசிக் கப்பலை நிறுத்தியது நமக்கு ஒரு செய்திகூட இல்லை.

மாற்று என்ன என்று கேட்பீர்கள். காகிதத்தில் ஏற்கெனவே சில இருக்கின்றன. தெற்காசிய நாடுகள் 1980களின் கடைசியிலேயே பொதுவான உணவுப் பாதுகாப்புக் கையிருப்பு ஒன்றை உருவாக்கின. சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் டன் தானியம், எந்த நாட்டுக்குப் பேரிடர் வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். 1991இல் வங்காளதேசத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் புயல் கொண்டுபோனது. கையிருப்பு தொடப்படவில்லை. அப்போது மட்டும் இல்லை, ஒருமுறைகூடத் தொடப்படவில்லை. அவரவர் கிடங்கில் அவரவர் தானியம், பொதுப் பெயர் மட்டும் மேலே. 2007 ஏப்ரலில் தில்லி மாநாட்டில் அதையே உணவு வங்கி என்று புதுப்பித்துக் கையெழுத்திட்டார்கள். ஆறு மாதம் கழித்து அதே தில்லி அரிசிக் கதவைச் சாத்தியது. 2022 ஜூனில் உலக வர்த்தக நிறுவனத்தின் அமைச்சர்கள் கூடி, ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் வாங்குகிற நிவாரணத் தானியத்துக்கு ஏற்றுமதித் தடை போடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். சிறிய முடிவு, வேண்டிய முடிவு. ஆனால் அது நிவாரண மூட்டைக்கு மட்டும். 1998இல் லாரி பிடித்த அந்தச் சிறு வியாபாரியின் மூட்டைக்கு அதில் இடமில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். கிடங்கு அரசிடம் இருக்க வேண்டும், அதை விட்டுக்கொடுக்க முடியாது. கிடங்கு நிறைந்திருக்கிற அரசுக்குக் கதவைச் சாத்த வேண்டிய பதற்றம் குறைவு. பேரிடர் தாக்கிய பக்கத்து நாட்டுக்குத் தானியம் போவதை எந்தத் தடையும் தொடக் கூடாது என்பது எழுதப்பட்ட விதியாக வேண்டும். அமைச்சர் விமானத்தில் போய் அறிவிக்கிற கருணையாக அது இருக்கக் கூடாது. தஞ்சாவூர் விவசாயியும் பாரிசால் கூலிக்காரியும் எதிரெதிரே நிறுத்தப்படுகிற இந்த ஏற்பாட்டில் யார் லாபம் பார்க்கிறார்கள் என்பதை நம் இயக்கங்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் சேர்ந்து கேட்க வேண்டும். உணவு உரிமைக்கான நம் கோரிக்கைகள் எல்லாம் இதுவரை ஒரு நாட்டின் எல்லைக்குள் நின்றே எழுதப்பட்டவை. அடுத்த புயல் வங்கக் கடலில் எந்தக் கரையில் ஏறும் என்பது நமக்குத் தெரியாது. இந்தப் பக்கம் ஏறினால் என்ன கேட்போமோ, அதை அந்தப் பக்கம் ஏறும்போது கொடுக்கத் தயாரா? இந்தக் கேள்வியை முதலில் நமக்குள் பேசியாக வேண்டும். மாற்றுக் கருத்துள்ள நண்பர்கள் எழுதினால் விவாதத்தைத் தொடரலாம்.